காராமணி, மொச்சை, ராஜ்மா: எதோட எது சேரும், கூட என்ன குடிக்கலாம்?

#1 பொன்மலைவாசி

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு ஹீமோகுளோபின் குறைவா இருக்குன்னு வந்திருக்கு. மாத்திரை ஆரம்பிச்சாச்சு, அது டாக்டர் பார்த்துப்பார். சாப்பாட்டுல பயறு வகையைக் கூட்டுங்கன்னும் சொல்லியிருக்காங்க. அம்மா சுத்த சைவம், முட்டை வாசனையே ஆகாது. நவராத்திரிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், அதைத் தாண்டி எங்க வீட்டுல பயறுன்னா பாயசத்துக்குப் போடற பாசிப்பருப்புதான்.

காராமணி, காஞ்ச மொச்சை, ராஜ்மா மூணும் வாங்கி வச்சுட்டேன். எந்தக் காயோட போட்டா எடுபடும்னு தெரியல. அப்பா "வாயு"ன்னு ஒரே வார்த்தைல தட்டை நகர்த்திடுவார். அவரையும் சமாளிக்கணும். அப்புறம், அம்மாவுக்குச் சாப்பிட்டு கை கழுவின ஈரம் காயறதுக்குள்ள டீ வேணும். அது பரவாயில்லையா, இல்ல வேற ஏதாவது கொடுக்கலாமா?

#2 கோபிக்காரி

கண்ணு, காராமணின்னு வாங்குனீங்கல்ல, அதுதான் எங்க பக்கம் தட்டப்பயிறு. அதுக்குச் சோடி கத்திரிக்காய்தானுங்க. வேற காயே வேண்டாம்னு சொல்லுவேன்.

பயிறை வெறுஞ்சட்டில வறுங்க. நிறம் மாறணும்னு இல்ல, வாசம் வந்தாப் போதும். ஒண்ணு ரெண்டு படபடன்னு வெடிக்கும், அப்ப இறக்கிரலாம். வறுத்ததைக் கழுவி வேக வைங்க. விரல்ல வச்சு அமுக்குனா மசியணும், ஆனா தோலு கழண்டு வரக் கூடாது. இன்னொரு சட்டில சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, கத்திரிக்காயை நாலாப் பொளந்து போட்டு, காய் பாதி வெந்ததும் பயிறை வெந்த தண்ணியோட ஊத்துங்க. வரமல்லி, வரமிளகாய், சீரகம் வறுத்து தேங்காயோட அரைச்சதைச் சேருங்க. புளி கடைசிலதான். கொஞ்சமாப் போடுங்க, கத்திரிக்காய்க்குத் தொட்டுக்கிற அளவுக்கு இருந்தாப் போதும்.

எங்க வீட்டுல இது ராகிக் களிக்குத்தானுங்க. சோத்துக்கும் ஆகும். ரெண்டாம் நாள் இன்னும் நல்லாருக்கும். குடிக்கறதுக்கு மோருதான், வேற என்ன கேள்வி இது.

#3 வைகைக்கரை

அம்மா சைவம்னு சொன்னதுக்கு அப்புறம் இதைச் சொல்றது பாவம்தான். ஆனாலும் மொச்சைன்னு தலைப்புல பார்த்துட்டு கருவாட்டைப் பத்திப் பேசாமப் போனா மதுரைப் பக்கம் எனக்குச் சோறு கிடைக்காது. நெத்திலிக் கருவாடும் மொச்சையும் கத்திரிக்காயும் சேர்ந்த புளிக்குழம்பு, அது மேல மிதக்கிற நல்லெண்ணெய். மொச்சைக்குள்ள ஒரு மாவுத்தன்மை இருக்கு பாருங்க, கருவாட்டு உப்பை அது உறிஞ்சிக்கும். அதனால குழம்புல உப்பு போடறதுக்கு முன்னாடி ருசி பார்த்துக்கணும். கருவாட்டைச் சுடுதண்ணில அலசித்தான் போடணும்.

சைவத்துக்கு வரேன். கருவாடு செய்யற வேலைய வாழைக்காயும் மாங்காயும் சேர்ந்து செஞ்சிடும். வாழைக்காய் கெட்டித்தன்மைக்கு, மாங்காய் புளிப்புக்கு. மாங்காய் போட்டா புளியைப் பாதியாக் குறைச்சிடுங்க. முருங்கைக்காய் இருந்தா ரெண்டு துண்டு. சாம்பார்ப் பொடி வேண்டாம், மொச்சைக்கு அது பொருந்தாது. தனி மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போடுங்க.

எண்ணெய் விஷயத்துல கஞ்சத்தனம் பார்த்தா மொச்சை தொண்டைல நிக்கும். நல்லெண்ணெய் தாராளமா.

#4 சத்துக்கணக்கு

நான் உணவியல் படிச்சு ஒரு மருத்துவமனைல வேலை பார்க்கறேன். பொன்மலைவாசி கேட்ட டீ கேள்விதான் இந்த இழைலயே முக்கியமான கேள்வி. யாரும் அதைத் தொடாததால சொல்றேன்.

நூறு கிராம் காஞ்ச காராமணில இரும்பு ஏறக்குறைய 5, 6 மில்லிகிராம் இருக்கும். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பயறுல இருக்கிற இரும்பை உடம்பு லேசுல எடுத்துக்காது. மீன், இறைச்சில இருக்கிற இரும்பு வேற வகை, அது சுலபமா ஏறும். பயறுல ஃபைட்டிக் அமிலம்னு ஒண்ணு இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். அது போதாதுன்னு டீல இருக்கிற டானினும் சேர்ந்து பிடிச்சுக்கும். பயறு சாப்பிட்டுக் கையோட டீ குடிச்சா, சாப்பிட்டதுல பெரும்பகுதி உடம்புல சேராமயே வெளிய போயிடும்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாசம் வெளியிட்ட உணவு வழிகாட்டில, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் டீ, காபி வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. காபிக்கும் இதே கதைதான். ஃபில்டர் காபி ரசிகர்கள் சந்தோஷப்பட வேண்டாம்.

எதிர்ப்பக்கம் நமக்கு உதவி பண்றது புளிப்பு. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, பச்சை மாங்காய், தக்காளி இதுல இருக்கிற வைட்டமின் சி, பயறு இரும்பை உடம்பு எடுத்துக்கிற வடிவத்துக்கு மாத்தும். புளில வைட்டமின் சி பெருசா இல்ல, ஆனா டார்டாரிக் அமிலம் இருக்கு, அதுவும் கை கொடுக்கும். வைட்டமின் சி சூட்டுல அழியும். அதனால எலுமிச்சையை அடுப்பை அணைச்சிட்டுப் பிழியுங்க.

அம்மாவோட மாத்திரையையும் டீயோட விழுங்க விடாதீங்க. மத்தது உங்க டாக்டர்கிட்ட.

#5 வெள்ளவத்தை

வணக்கம். நான் கொழும்பில இருந்து எழுதுறன். எங்கட வீட்டில காலமைச் சாப்பாட்டுக்குக் கிழமையில ஒரு நாள் எண்டாலும் கௌபி இருக்கும். அதுதான் உங்கட காராமணி. உப்புப் போட்டு அவிச்சு, தேங்காய்ப்பூவை, அதுதான் துருவின தேங்காயை, பிரட்டி, பக்கத்தில மிளகாய் இடிச்ச கட்டைச் சம்பல். அதோட பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி. பிளேன்ரீ இல்லாமல் கௌபி தொண்டையால இறங்காது.

இப்ப இந்தத் தங்கச்சி சொல்லுறதைப் பாத்தா நாங்கள் இவ்வளவு காலமும் கௌபியைச் சும்மா சாப்பிட்டு இருக்கிறம் போல. எங்கட அம்மம்மா தொண்ணூறு வயசு வரைக்கும் இப்பிடித்தான் சாப்பிட்டவ. அவவுக்கு ரத்தத்தில ஒரு குறையும் இருக்கேல்லை.

#6 சத்துக்கணக்கு

> எங்கட அம்மம்மா தொண்ணூறு வயசு வரைக்கும்

அண்ணா, அம்மம்மாவோட மதியச் சாப்பாட்டுல மீன் இருந்திருக்குமே? கட்டைச் சம்பல்ல மாசிக் கருவாடு இருந்திருக்குமே? பயறோட கொஞ்சம் மீன் சேர்ந்தாலே அந்தப் பயறு இரும்பும் கூடுதலா ஏறும். சம்பல்ல தேசிக்காய்ப் புளியும், அதாவது எலுமிச்சைச் சாறும், உண்டு. உங்க தட்டுல ஏற்கெனவே ரெண்டு பேர் உதவிக்கு நிக்கறாங்க, டீ மட்டும் எதிர்ல நிக்குது. ரத்தம் நல்லா இருக்கறவங்களுக்கு இது பெரிய விஷயமே இல்ல. பொன்மலைவாசி அம்மா மாதிரி குறைவா இருக்கற, மீனும் சாப்பிடாதவங்களுக்குத்தான் சொல்றேன்.

#7 வெள்ளவத்தை

மாசியை மறந்திட்டன். சரி தங்கச்சி, வழக்கை வாபஸ் வாங்குறன். ஆனா பிளேன்ரீயை விடமாட்டன்.

#8 மாடவீதி

எல்லாரும் காஞ்ச பயறைப் பிடிச்சுண்டு இருக்கேள். பச்சை பீன்ஸைப் பத்தி நான் சொல்லிட்டுப் போறேன். பீன்ஸுக்குப் பொருத்தமான ஜோடி என்னன்னு கேட்டா, பருப்பு உசிலி. அந்த உசிலிக்கு ஜோடி மோர்க்குழம்பு. இதுல மாத்தறதுக்கு ஒண்ணுமில்ல.

துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஊறவச்சு, மிளகாய், பெருங்காயம், உப்போட கொரகொரன்னு அரைச்சு ஆவில வேக வைக்கணும். ஆறினப்புறம்தான் உதிர்க்கணும். சூட்டோட கையை வச்சா களியாயிடும். பீன்ஸைப் பொடியா நறுக்கி வேக வச்சு ஒட்ட வடிச்சுடணும். அதுல ஈரம் இருந்தா உசிலி உதிராது. இது நன்னா உலர்ந்திருக்கறதாலதான் பக்கத்துல தளதளன்னு மோர்க்குழம்பு வேண்டியிருக்கு. அதுலயும் புளிச்ச மோரா இருக்கணும். புதுத் தயிர்ல பண்ணினா சப்புனு இருக்கும்.

காராமணிக்கு இன்னொரு முகமும் இருக்கு. காரடையான் நோன்புக்கு வெல்ல அடைல போடறோமே, வெண்ணெய் தொட்டுண்டு சாப்பிடறது. காராமணி, வெல்லம், தேங்காய், ஏலக்காய். காரத்தைவிட இதுக்குத்தான் காராமணி பிறந்துதுன்னு எனக்குத் தோணும்.

#9 பொன்மலைவாசி

எல்லாருக்கும் நன்றி. கோபிக்காரி அக்கா, தட்டைப்பயறு குழம்பு வச்சாச்சு, அம்மா ரெண்டு தடவை போட்டுக்கிட்டாங்க. மொச்சைதான் படுத்துது. ராத்திரி முழுக்க ஊறியும், எத்தனை விசில் விட்டாலும் பல்லுல கடக்குங்குது. எங்களுது போர் தண்ணி. கெண்டில அடில வெள்ளையாப் படியும். அதனாலயா? கடைக்காரர்கிட்ட கேட்டா "சோடா உப்பு போடுங்க"ன்னுட்டார்.

அப்புறம் நீர்மோர்ல கால்சியம் இருக்கே, அதுவும் இரும்பைத் தடுக்கும்னு ஒரு வீடியோல பார்த்தேன். அப்ப மோரும் கூடாதா?

#10 சத்துக்கணக்கு

தண்ணிதான் காரணம். கெண்டில படியற அதே சுண்ணாம்பு, பயறுத் தோல்ல இருக்கிற பெக்டினோட சேர்ந்து அதை இறுக்கிடும். பயறு பழசா இருந்தாலும் இதே தொந்தரவு வரும். வெக்கையான, ஈரமான இடத்துல மாசக்கணக்குல இருந்த பயறு எவ்வளவு வெந்தாலும் கல்லாத்தான் இருக்கும். அதுக்கு மருந்தில்ல, கடையை மாத்துங்க.

ஊறவைக்கற தண்ணில உப்பு போடுங்க. உப்பு போட்டா வேகாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, நடக்கறது நேர்மாறு. ஒரு லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி போதும். அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, வடிகட்டின குடிதண்ணில வேக வைங்க. சோடா உப்பு போட்டா வெந்துடும், உண்மைதான். ஆனா தயமின்ங்கிற பி1 சத்து போயிடும், வாய்ல சோப்பு மாதிரி ஒரு வழவழப்பு நிக்கும். வேற வழியே இல்லன்னா ஒரு சிட்டிகைக்கு மேல வேண்டாம்.

இதே காரணத்துக்குத்தான் புளி, தக்காளி, வெல்லம் எல்லாம் பயறு வெந்தப்புறம் போடணும். புளிப்பு பட்டா தோல் இளகாது. #2ல கோபிக்காரி அக்கா "புளி கடைசிலதான்"னு எழுதினதைப் பாருங்க. தெரிஞ்சுதான் எழுதியிருக்காங்க.

மோர் பத்தி: கால்சியம் கொஞ்சம் தடுக்கும், பொய்யில்ல. ஆனா டீ அளவுக்கெல்லாம் இல்ல. நீர்மோர்ல முக்கால்வாசி தண்ணிதானே. பயமில்லாமக் கொடுங்க. இன்னும் நல்லது வேணும்னா உப்பும் இஞ்சியும் போட்ட எலுமிச்சைச் சாறு. நெல்லிக்காய் கிடைக்கிற நாள்ல ரெண்டைக் கொட்டை எடுத்து, கறிவேப்பிலை, உப்போட அரைச்சு மோர்ல கலக்கிடுங்க.

#11 கோபிக்காரி

தெரிஞ்செல்லாம் எழுதலைங்க. எங்க மாமியா அப்படித்தான் ஊத்துவாங்க, நானும் ஊத்துறேன்.

#12 கப்பல்காரன்

சொந்த ஊரு தூத்துக்குடி, வேலை சரக்குக் கப்பல்ல. சத்துக்கணக்கு சொன்ன புளிப்பு விஷயத்தைப் படிச்சதும் பிரேசில் ஞாபகம் வந்திட்டு. சாண்டோஸ் துறைமுகத்துல கப்பல் நிக்கும்போது வெளிய போய்ச் சாப்பிடுவோம். அங்க ஃபெய்ஜோவாடான்னு ஒண்ணு. கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் மணிக்கணக்கா வெந்து, மை மாதிரி இருக்கும். புதன்கிழமையும் சனிக்கிழமையும் போட்டா கடைல உக்கார இடம் கிடைக்காது. அதுகூட என்ன தருவான் தெரியுமாவே? உரிச்ச ஆரஞ்சு வட்டமா நறுக்கித் தட்டோரமா வச்சிருப்பான். குழம்புக்கு எதுக்குப்பா ஆரஞ்சுன்னு நான் அதைக் கடைசில பழமாத் தின்னுக்கிட்டிருந்தேன். கூடச் சாப்பிட்ட பிரேசில்காரன் ஒரு வாய் பீன்ஸு, ஒரு கடி ஆரஞ்சுன்னு சாப்பிட்டான். அப்படிச் சாப்பிட்டுப் பாத்தாத்தான் விவரம் தெரியும். அந்தக் கொழுப்பை அப்படியே வெட்டி எடுத்திரும்.

இன்னும் ரெண்டு ஐட்டம் உண்டு. கீரை மாதிரி ஒரு இலைய நூலா நறுக்கி பூண்டுல வதக்கினது. மரவள்ளி மாவை வறுத்து, பொடி தூவுற மாதிரித் தூவிக்கிறது. குடிக்க கைப்பிரீன்யா. கரும்புச் சாராயத்துல எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டு நசுக்கினது. கப்பல் ஆளுங்களுக்கு அது கிடையாது, டியூட்டி. எலுமிச்சை ஜூஸோட நிப்பாட்டிக்கிடுவோம். யோசிச்சுப் பாருங்க, குடிக்கறதுலயும் எலுமிச்சை, கடிக்கறதுலயும் ஆரஞ்சு.

#13 ராயபுரம்_ராஜா

சாராயம்னு வந்ததும் எனக்கும் பேச தைரியம் வந்துச்சு. மொச்ச சுண்டலும் பீரும். டாஸ்மாக் பாருல அவிச்ச சுண்டலத் தட்டுல வச்சு, மேல வெங்காயம், மாங்கா, மொளகாத்தூளு. இதவுட ஜோடி இன்னா இருக்கு?

#14 நாஞ்சில்காரன்

> மொச்ச சுண்டலும் பீரும்

ரெண்டும் வாயு. மறுநாள் ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் கதி என்ன?

#15 நெறியாளர்

சமையல் பகுதி இது. அம்மாவுக்கு ஹீமோகுளோபின் குறைவுன்னு கேட்டு வந்தவங்களுக்குப் பீர் சிபாரிசு வேண்டாமே. வாயு பற்றி உருப்படியா யாராவது சொல்லுங்க, #1ல அப்பா விஷயம் இன்னும் பாக்கி இருக்கு.

#16 சத்துக்கணக்கு

அப்பா விஷயம். பயறுல ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்னு சில சர்க்கரைகள் உண்டு. அதை உடைக்கிற நொதி மனுஷனோட சிறுகுடல்ல கிடையாது. அது செரிக்காமப் பெருங்குடலுக்குப் போய், அங்க இருக்கிற பாக்டீரியா அதைத் தின்னு வாயு விடுது. அந்தச் சர்க்கரை தண்ணில கரையும். அதனால ஊறவச்ச தண்ணியைக் கொட்டுங்க. முளை கட்டினா இன்னும் குறையும், கூடவே அந்த ஃபைட்டிக் அமிலமும் குறையும். தினமும் ரெண்டு கரண்டின்னு ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க. சில வாரத்துல வயிறு பழகிடும். ஒரேயடியா ஒரு கிண்ணம் கொடுத்துட்டு "பயறு எனக்கு ஒத்துக்காது"ன்னு முடிவு கட்டறவங்கதான் அதிகம்.

இஞ்சி, பெருங்காயம், பூண்டு, சீரகம் எல்லாம் போடுங்க, பயறுக்கு அந்த வாசனை வேணும். ஆனா பெருங்காயத்தை நம்பி ஊறவச்ச தண்ணியைக் கொட்டாம விட்டுடாதீங்க.

சாப்பிட்டதும் சோடா குடிச்சா செரிக்கும்னு அப்பா சொல்லுவாரா? எங்கப்பா சொல்லுவார். அந்த ஏப்பம் சோடாவோட ஏப்பம்தான், பயறுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. இருக்கற காத்தோட இன்னும் கொஞ்சம் காத்தை அடைக்கிறோம், அவ்வளவுதான்.

#17 நாஞ்சில்காரன்

கிண்டல் பண்ணிட்டுப் போனா நல்லாருக்காது, எங்க ஊர்க் கணக்கையும் சொல்லுதேன். நாகர்கோவில் பக்கம் காலைல புட்டு, பயறு, அப்பளம். பயறுன்னா அவிச்ச சிறுபயறு, லேசாத் தேங்காயும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டது. புட்டை உதிர்த்து, பயறைப் போட்டு, அப்பளத்தை நொறுக்கி, பழமும் சேர்த்துப் பெசைஞ்சு அடிக்கணும். புட்டு அரிசி, இது பயறு. அரிசில கம்மியா இருக்கிற புரதச் சத்தைப் பயறு ஈடுகட்டும், பயறுல கம்மியா இருக்கிறத அரிசி ஈடுகட்டும்னு எங்க வாத்தியார் சொல்லித் தந்ததுண்டு. லைசின், மெத்தியோனின் அப்படி ஏதோ பேரு. சத்துக்கணக்கு சரி பாத்துக்கிடட்டு.

பெரும்பயறுக்கு, அதாவது சிவப்புக் காராமணிக்கு, தடியங்காய்தான் கூட்டு. தடியங்காய்னா வெள்ளைப் பூசணி. ஓலன். மசாலா கிடையாது, மஞ்சப்பொடி கூடக் கிடையாது. பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு, தேங்காய்ப் பால் ஊத்தி, கொதிக்க விடாம இறக்கி, பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும். இங்க எல்லாரும் புளி புளின்னு பேசுதீங்க, ஓலன்ல ஒரு பொட்டுப் புளிப்பு கிடையாது. அதுக்கு என்ன சொல்லுதீங்க?

#18 மாடவீதி

ஓலனைத் தனியா யார் சாப்பிடறா? எலைல பக்கத்துலயே புளிசேரி இருக்கு, இஞ்சிப் புளி இருக்கு, மாங்காய் ஊறுகா இருக்கு. புளிப்பு அந்த எலைல இருக்கு, ஓலனுக்குள்ள இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்.

#19 நாஞ்சில்காரன்

மாமி ஜெயிச்சாச்சு.

#20 ஆர்கேபுரம்_தமிழன்

ராஜ்மாவைக் கவனிக்க ஆளில்லாமல் போய்விட்டது. தில்லியில் வாழ்க்கை முழுவதும் ஓட்டியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் எச்சரிக்கை. மற்ற பயறு போல அல்ல இது. பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் கொதிக்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிடம் என்கிறது. குக்கரில் வேக வைத்தால் கவலையே இல்லை. ஆபத்து எங்கே என்றால், ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்கள் ஊறின ராஜ்மாவை நேரே அதில் போட்டுவிட்டுத் தூங்கப் போவதில். கொதிநிலைக்குக் கீழே, 80 டிகிரி வாக்கில் வெந்தால் நச்சு குறையாது, கூடக்கூடும். அரைவேக்காட்டு ராஜ்மா நாலைந்து விதை போதும், வாந்தியில் கொண்டுபோய் விடும்.

இனி ருசி. பஞ்சாபி வீடுகளில் வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளி. தக்காளி மசாலாவைத் தனியாக எண்ணெய் பிரியும் வரை வதக்கி, வெந்த ராஜ்மாவை அதில் சேர்ப்பார்கள். இங்கேயும் புளிப்பு பிறகுதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். தொட்டுக்கொள்ள எலுமிச்சை பிழிந்த பச்சை வெங்காயம். குடிக்க, வறுத்த சீரகப் பொடி தூவிய சாச், நம் நீர்மோரேதான். இனிப்பு லஸ்ஸி வேண்டாம், ராஜ்மாவே வயிற்றை அடைக்கும், அதன் மேல் இன்னொரு அடைப்பு.

ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் போகும் நெடுஞ்சாலையில் பீடா என்று ஒரு ஊர், ராம்பன் மாவட்டத்தில். லாரிக்காரர் முதல் யாத்திரை போகிறவர் வரை ராஜ்மா சோற்றுக்கு அங்கே நிறுத்துவார்கள். மலைப் பகுதியில் விளையும் சின்ன விதை ராஜ்மா. அந்தப் பகுதியின் பதர்வா ராஜ்மாவுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சோற்றின் மேல் நெய்யை ஊற்றி, பக்கத்தில் அனார்தானா சட்னி வைப்பார்கள். காய்ந்த மாதுளை விதையை அரைத்தது, பல் கூசும் புளிப்பு. நெய்யும் ராஜ்மாவும் சேர்ந்த கனத்தை அந்தச் சட்னி இல்லாமல் தாங்க முடியாது. நம் ஊரில் மாதுளை விதைக்கு எங்கே போவது? மாங்காய்த் துவையலோ புதினாத் துவையலோ வையுங்கள்.

#21 ஓசூர்_வண்டி

மொச்சை மொச்சைன்னு எல்லாரும் காஞ்சதையே பேசறீங்க. தை மாசம் பச்சை மொச்சை வரும்போது எங்க பக்கம் வாங்க. பச்சைக் கொட்டையை ஊறவச்சு ஒவ்வொண்ணா விரல்ல அமுக்கினா, தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் வழுக்கி ஓடும். பிதுக்கம் பருப்பு. வீட்டுல இருக்கற குழந்தைங்க எல்லாத்தையும் உக்கார வச்சுருவாங்க இந்த வேலைக்கு. பாதி பருப்பு டிவிக்கு அடில கிடக்கும். கிருஷ்ணகிரி, ஓசூர், அப்படியே பெங்களூர் வரைக்கும் இதுதான் அந்தச் சீசன் சாப்பாடு. தேங்காய், கசகசா, பட்டை, லவங்கம், நிறைய கொத்தமல்லி அரைச்ச குழம்பு. களிக்கும் ஆகும், தோசைக்கும் ஆகும். தோல் இல்லாததால அப்பாவுக்கும் வயிறு இவ்வளவு கனக்காது.

#22 பொன்மலைவாசி

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. உப்புத் தண்ணில ஊறவச்ச மொச்சை பூவா வெந்துடுச்சு. வைகைக்கரை சொன்ன மாதிரி வாழைக்காய், மாங்காய் போட்டேன். அப்பா வழக்கம்போல தட்டை நகர்த்தினார், அம்மா சாப்பிடறதைப் பார்த்துட்டு "ஒரு கரண்டி போடு"ன்னார். ஒரு கரண்டிதான் போட்டேன், சத்துக்கணக்கு உத்தரவு.

டீ பஞ்சாயத்துதான் முடியல. மோர் கொடுத்தா "இது சாப்பாட்டோடது, டீ எங்கே"ங்கறாங்க. அவங்களுக்குச் சூடா ஏதாவது டம்ளர்ல பிடிச்சுக்கணும். இப்போதைக்குச் சுக்குமல்லி காபி போட்டுத் தரேன், காபிப்பொடி இல்லாம, கருப்பட்டி போட்டு. டீயை நாலு மணிக்குத் தள்ளியாச்சு. முணுமுணுப்பு இருக்கு.

#23 சத்துக்கணக்கு

சுக்குமல்லி நல்ல யோசனை, ரொம்ப அடர்த்தியா வேண்டாம், லேசா வைங்க. சில நாள் எலுமிச்சை ரசத்தை டம்ளர்ல ஊத்திக் கொடுங்க. சூடாவும் இருக்கும், புளிப்பும் உள்ள போகும். சாறு மட்டும் அடுப்பை அணைச்சப்புறம்.

நாஞ்சில்காரன் அண்ணா, உங்க வாத்தியார் சொன்னது சரிதான். அரிசில லைசின் குறைவு, பயறுல மெத்தியோனின் குறைவு.

#24 வைகைக்கரை

வெள்ளவத்தை அண்ணே, அந்தக் கட்டைச் சம்பலை எப்படிச் செய்யறதுன்னு சொல்லுங்க. காராமணியைத் தேங்காய்ப்பூ போட்டுச் சாப்பிடறது கேக்கவே நல்லாருக்கு. பொன்மலைவாசி வீட்டுக்கு மாசி இல்லாமலும் சொல்லணும்.

#25 வெள்ளவத்தை

பெரிய வேலை ஒண்டும் இல்லைத் தம்பி. செத்தல் மிளகாயை, அதுதான் காஞ்ச மிளகாயை, உப்போட உரல்ல போட்டு இடியுங்கோ. நல்லா மாவாக வேண்டாம், செதில் செதிலா இருக்கவேணும். பிறகு மாசித் துண்டைப் போட்டு இடிச்சு, சின்ன வெங்காயத்தைப் போட்டு இன்னும் ஒருக்கா. வெங்காயம் நசுங்கித் தண்ணி விட்டாச் சரி, கூழாக்கிப் போடாதேங்கோ. மிக்ஸியில போட்டா அது வேற சாமான், நான் பொறுப்பில்லை. சைவக்காரருக்கு மாசியை விட்டிட்டு மற்றதெல்லாம் இதே மாதிரி. வெங்காயத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம்.

கௌபியை அவிச்சு வடிச்சு, சூட்டோட தேங்காய்ப்பூவைப் பிரட்டுங்கோ. சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி உரலால எடுத்த பிறகுதான் விடவேணும். அம்மாவுக்கு எண்டா ஒரு பாதி கூடப் பிழியுங்கோ.

#26 பொன்மலைவாசி

நாளைக்குக் காலைல இதுதான். உரல் பக்கத்து வீட்டுல இருக்கு, கேட்டு வாங்கணும்.

#27 ஓசூர்_வண்டி

பிதுக்கம் பருப்புக் குழம்பு செய்முறை யாரும் கேக்க மாட்டீங்களா?

#28 நெறியாளர்

தைக்கு இன்னும் நாள் இருக்கு. தனி இழை தொடங்குங்க ஓசூர், மேல பின் பண்ணி வைக்கறேன்.